எச்சில் இலைகளில் தேடிய ரிடெய்னர்

பல் கம்பியைக் கழற்றிய பிறகு, பற்கள் பழையபடி நகராமலிருக்க டாக்டர் ஒரு ரிடெய்னர் தந்திருந்தார். கொல்லயில் என்ற ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் அதைக் கழற்றி இலையோரம் வைத்ததாகத்தான் நினைப்பு. கைகழுவி வந்தால் இலையே இல்லை.

“ஆருட்ட கேட்டாக்கும் எலைய எடுத்தது?” என்று இலையெடுத்த அக்காவிடம் கத்தினேன். நாற்பது வயதில் பல்வரிசைக்கு ஆசைப்பட்டவனின் வீராப்பு!

அவர் கூடையைக் கவிழ்த்து, எச்சில் இலைகளை ஒவ்வொன்றாக விரித்துத் தேடினார். நான் இடுப்பில் கைவைத்து மேற்பார்வை பார்த்தேன். வியர்வை துடைக்கக் கைக்குட்டையை உருவியபோது, ரிடெய்னர் அதிலிருந்து விழுந்தது.

“கிட்டியாச்சா? அத வாயில போடு மக்கா, சத்தமாவது கொறையும்” என்றார் அக்கா.

பந்தியே சிரித்தது. மன்னிப்புக் கேட்க வேண்டிய நானும் கூடவே சிரித்துத் தப்பித்தேன். அதை நினைத்தால் இன்றும் கோபம் பொங்குகிறது, இந்த முறை சரியான ஆள்மேல்.