மிச்சம் மூணு

என் மகளுக்கு ஓ குரூப். எனக்கு ஏ, என் கணவருக்கு பி. பள்ளிக்கூட அடையாள அட்டைக்காக ரத்தம் பார்த்த அன்றே, பிள்ளை தன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டார். அய்யலூர் சந்தையில் ஆடு வாங்கி விற்கிறவர். குட்டியின் நிறத்தைப் பார்த்தே எந்தக் கிடாவுக்குப் பிறந்தது என்று சொல்லிவிடுவாராம்.

லேப்பில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். எங்கள் இருவருக்குள்ளும் ஓ மறைந்திருந்தால் பிள்ளைக்கு ஓ வரலாம், அதற்கு நாலில் ஒரு வாய்ப்பு.

"நாலுல ஒண்ணுதான் நானுன்னா, மிச்சம் மூணு யாரு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார் அவர். கூட வந்திருந்த மாமியார், "நல்லாக் கேளுப்பா" என்றாள். நான் மகளோடு திண்டுக்கல்லில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து மாமனாருக்கு ஆபரேஷன். பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரி வராந்தா நிறையச் சொந்தக்காரர்கள். கணவர் உள்ளேயிருந்து வந்து, "அப்பாவுக்கு ஓ குரூப்பாம். என் ரத்தம் பி, சேராதாம்" என்றார்.

"மாமாவுக்கு ஓ, ஒங்களுக்கு பி. ஒங்க கணக்குப்படி பாத்தா நீங்க யாரு பிள்ள? மிச்சம் மூணு யாருன்னு ஒங்க ஆத்தாகிட்டயே கேளுங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமனாரின் ஓதான் என் கணவருக்குள் மறைந்திருந்து என் மகளுக்கு வந்தது. அது எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.