வேஸ்ட் பெட்டியில் இருந்த கரடி

அனுசுயாவின் கம்ப்யூட்டரில் இருந்து புகை வந்த அன்று அவள் முதலில் கூப்பிட்டது புருசனை அல்ல, என்னை. முனீஸ் சாயப்பட்டறையில் மெஷின் சத்தத்துக்கு நடுவே நிற்கிறவன், போன் அடித்தாலும் கேட்காது. நான் பக்கத்து வீடு. எனக்கு எல்லாமே கேட்கும்.

அவர்கள் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள். எங்கள் பனியன் ஊருக்கு வந்த புதிதில் அவளும் கம்பெனிக்குத்தான் போனாள். செக்கிங் டேபிளில் நின்று நின்று பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி வீசிங் வந்துவிட்டது. இனிமேல் அந்தப் பக்கமே போகாதே என்றார் டாக்டர். போகாதே என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். வேறு எங்கே போவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அவளே தேடிப்பிடித்து, ஒரு எம்ப்ராய்டரி யூனிட்டில் பஞ்சிங் கற்றுக்கொண்டாள். டீசர்ட்டில் பூவோ பொம்மையோ தைக்க வேண்டுமானால் ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தையலாகப் போட்டுத் தருகிற வேலை அது. அந்த ஃபைலை மெஷினில் ஏற்றிவிட்டால் மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

அந்த யூனிட் மூடியபோது அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரை, உள்ளே இருந்த சாஃப்ட்வேரோடு வாங்கிவந்து படுக்கிற அறையில் வைத்தாள். சாஃப்ட்வேர் திறக்க ஒரு லாக் உண்டு. பென்டிரைவ் மாதிரி பின்னால் செருகியே இருக்கும். அதை விற்ற கம்பெனி இப்போது இருக்கிறதா என்றுகூட யாருக்கும் தெரியாது. கிட்டுசாமி என்பவர் தன் எம்ப்ராய்டரி யூனிட்டுக்கு இவளிடம்தான் டிசைன் வாங்குவார். வெளிநாட்டில் இருந்து ஆர்டர் தருகிற பையர் வேண்டாம் என்று தள்ளிய சாம்பிள் துணிகளை அவள் எனக்குக் கொண்டுவந்து தருவாள். என் சமையலறையில் சட்டி இறக்குகிற துணியெல்லாம் ஏற்றுமதித் தரம்.

புகையைப் பார்க்க கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுகிற ஜெபக்குமார் வந்தான். போர்டு போய்விட்டது என்றான். புது போர்டு வாங்கிப் போட்டார்கள். திரை வந்தது. ஆனால் மவுஸும் நகரவில்லை, கீபோர்டும் அசையவில்லை. பழைய விண்டோஸுக்கு இந்தப் புது போர்டைத் தெரியவில்லையாம். புது மருமகளைப் பார்த்த மாமியார் மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஜெபக்குமார் ஒளிக்காமல் சொன்னான். "புது விண்டோஸ் ஏத்துனா எல்லாம் ஓடும்க்கா. ஆனா உங்க சாஃப்ட்வேர் அந்த லாக்கை ஏத்துக்கிடுமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. டிஸ்கைத் தொடச்சிட்டுத்தான் ஏத்தணும். தொடச்ச பொறவு பழசுக்குத் திரும்ப முடியாது, பாத்துக்கிடுங்க."

இன்னொரு வழி, அதே பழைய மாதிரி போர்டு தேடுவது. விசாரித்துப் பார்த்துவிட்டான். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

இந்த நேரம் பார்த்துத்தானா கிட்டுசாமி போன் பண்ண வேண்டும்? போன வருசம் பையர் வேண்டாம் என்று தள்ளிய டிசைன் ஒன்று, பட்டம் விடுகிற கரடி, குழந்தைகள் சட்டைக்கு. இப்போது அதுதான் வேண்டுமாம். பையர் கையில் அந்தப் பழைய சாம்பிள் இருக்கிறது. தையல் அதே மாதிரி இருக்க வேண்டும், இந்த வாரமே வேண்டும்.

"முடியலீன்னா சொல்லிப்போடுங்கம்மிணி. கோயமுத்தூர்ல ஒருத்தரு இருக்காருங்க. ஆனா ஒருக்கா அங்க போயிட்டா அப்புறம் எல்லா வேலையும் அங்கயேதானுங்க போகும்" என்றார். நாங்கள் இந்த ஊர்க்காரர்கள், கழுத்தை அறுத்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்போம்.

புது விண்டோஸ் ஏற்றலாமா வேண்டாமா என்று அவள் எல்லோரையும் கேட்டாள். என்னைக் கேட்டாள். வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள்தான் நான், ஆனாலும் இதில் வாயைத் திறக்கவில்லை. குக்கர் வாங்கலாமா என்று கேட்டால் சொல்வேன். இதில் எனக்கு என்ன தெரியும்? ஏற்றினால் சாஃப்ட்வேர் போகலாம். ஏற்றாவிட்டால் வேலை நிச்சயமாகப் போகும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். கவலைப்பட்டாலும் அவளுக்கு வீசிங் வரும்.

சாயங்காலம் வந்த முனீஸ் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னான். "இம்புட்டு யோசிக்கதுக்குப் பேசாம கம்பெனிக்கே போயிரு. மாஸ்க் போட்டுக்கிட்டா என்ன?"

நல்லவன்தான், ஆனால் நல்லவன் வாயில் இருந்து வந்தால் மட்டும் அந்தப் பேச்சு இனிக்குமா? அவள் அவன் முன்னாலேயே ஜெபக்குமாருக்குப் போன் போட்டு, ஏற்றிவிடச் சொல்லிவிட்டாள்.

அவன் டிஸ்கைக் கடைக்குக் கொண்டுபோய்த் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, அவள் ஃபைல்களையும் சாஃப்ட்வேரையும் தனியாக எடுத்து வைத்தான். எல்லாவற்றையும் எடுத்துவிட்டாயா என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒன்று விடாமல் எடுத்துவிட்டேன் என்றான். அவன் பொய் சொல்லவில்லை, அவனுடைய ‘எல்லாம்’ வேறு, அவளுடைய ‘எல்லாம்’ வேறு. டிஸ்கைத் துடைத்தான், புது விண்டோஸையும் பழைய சாஃப்ட்வேரையும் ஏற்றினான், கொண்டுவந்து மாட்டினான்.

சாஃப்ட்வேரைத் திறந்தால் லாக்கைக் காணோம் என்று சிவப்பாக ஒரு பெட்டி வந்தது. அனுசுயா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜெபக்குமார் எங்கெங்கோ தேடினான், எதையோ இறக்கினான், ஏற்றினான், அணைத்தான், போட்டான். என் வீட்டில் சோறு வெந்து, குழம்பு கொதித்து, நான் துணியும் துவைத்து முடித்த பிறகு சாஃப்ட்வேர் திறந்தது. அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் காப்பி கலந்து கொடுத்தேன்.

காப்பியைக் குடித்துக்கொண்டே திரை மூலையில் இருந்த குப்பைக்கூடைப் படத்தைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

"தம்பி, வேஸ்ட்ல கெடந்ததை எங்க வச்சிருக்க?"

அவன் சிரித்தான். "வேஸ்டை யாராச்சும் எடுத்து வைப்பாகளாக்கா?"

கம்ப்யூட்டர்க்காரனுக்கு அது குப்பைக்கூடை. பனியன்காரிக்கு அப்படி இல்லை. இந்த ஊரில் வேஸ்டை யார் கொட்டுகிறார்கள்? கட்டிங் வேஸ்டை மூட்டை கட்டி எடை போட்டு விற்கிறோம், அது திரும்பவும் நூலாகி வருகிறது. பழுதான பனியன் காதர்பேட்டைக் கடைகளுக்குப் போய் யாரோ ஒருவர் முதுகில் ஏறுகிறது. பையர் வேண்டாம் என்றதை வேஸ்டில் போடு என்றுதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் சொன்னார். அவளும் அந்தக் கூடையைக் கம்பெனி மூட்டை மாதிரி நினைத்து, தள்ளுபடியான டிசைன் அத்தனையையும் அதில்தான் பத்திரமாகப் போட்டுவைத்திருந்தாள். வேண்டும்போது வெளியே எடுப்பாள், முடிந்ததும் மறுபடி உள்ளே போடுவாள். ஒரு நாளும் ஒன்றும் காணாமல் போனதில்லை.

ஜெபக்குமாரின் சிரிப்பு நின்றது. அழிந்ததை மீட்கிற எதையோ ஓட்டிப் பார்த்தான். பெயர்கள் மட்டும் வந்தன, திறந்தால் உள்ளே வெறுமை. கிட்டுசாமி யூனிட்டிலும் தள்ளுபடியானதை அன்றைக்கே மெஷினில் இருந்து எடுத்துவிடுவார்களாம். கரடியின் படம் இருக்கிறது, தையல் போன வழி இல்லை. படத்தை வைத்துப் புதிதாகப் போட்டால் பையர் சாம்பிளோடு ஒத்துப்போகாது.

"யக்கா, நான் கம்பெனிக்கே போயிருதேன்" என்றாள்.

அவளைத் தனியாக விட மனசில்லை. என் வீட்டுக்கு இழுத்துவந்து உட்காரவைத்து, ரசம் வைத்திருந்த பாத்திரத்தை இறக்கினேன். அவள் எழுந்து வந்து என் கையையே பார்த்தாள். அடுத்த நொடி பாத்திரத்தைக் கீழே வைக்கக்கூட விடாமல் துணியைப் பிடித்து இழுத்தாள். பாதி ரசம் மேடையில் கொட்டியது. திட்ட வாயெடுத்தேன். அப்புறம்தான் நானும் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் ஒரு கரடி பட்டம் விட்டுக்கொண்டிருந்தது.

முழுக் கரடி இல்லை. இடது பாதி அடுப்பில் பட்டுக் கருகியிருந்தது. வலது பாதியும் பட்டமும் பிழைத்திருந்தன.

துணியைச் சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, பூதக்கண்ணாடியை வைத்துத் தையல் தையலாக எண்ணினாள். இருக்கிற பாதியைத் திருப்பிப்போட்டு இல்லாத பாதியை உண்டாக்கினாள். கருகின பக்கத்துக் காது கொஞ்சம் சாய்ந்திருக்குமாம், அதனால் அது மட்டும் ஞாபகத்தில் இருந்து போட்டது. சாப்பாடு கொண்டுபோனால் தட்டைப் பார்க்கவில்லை. நடுநடுவே இன்ஹேலர் சத்தம் மட்டும் என் வீடுவரை கேட்டது.

ஃபைலைக் கொடுக்கப் போகும்போது என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். கிட்டுசாமி தைத்து எடுத்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏனுங்கம்மிணி, ஒரு காது பெருசாத் தெரியுதுங்களே?"

"போன தடவையும் அப்படித்தான் இருந்துச்சு அண்ணாச்சி" என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அவர் இன்னொரு முறை பார்த்துவிட்டு, பையருக்கு அனுப்பச் சொல்லி உள்ளே கொடுத்தார். கோயமுத்தூர்க்காரரைப் பற்றி அன்றைக்குப் பேசவில்லை.

பையரிடம் இருந்து பதில் இன்னும் வரவில்லை. போன் அடித்தால் அவளுக்கு மூச்சு ஏறுகிறது. ஜெபக்குமார் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு இடம் பண்ணி, அதற்கு ‘வேஸ்ட்’ என்று பெயர் வைத்துக் கொடுத்திருக்கிறான். அதில் இன்றைக்குக் கரடி மட்டும்தான் இருக்கிறது. போன டிசைன்களைத் திரும்பப் போட வேண்டும் என்று என் சமையலறையில் இருந்த சாம்பிள் துணி அத்தனையையும், ஸ்டவ் துடைக்கிறது உட்பட, பொறுக்கிக் கொண்டுபோய்விட்டாள். நான் இப்போது முந்தானையில்தான் சட்டி இறக்குகிறேன்.