ஒரே ஒரு தடவை கேட்பவர்கள்

எங்கள் பள்ளியில் குல்சும் பார்க்கும் வேலைக்கு உதவியாளர் என்று பெயர். ஆப்கானிஸ்தானிலிருந்து புதிதாக வந்து சேரும் ஹஸாரா இனப் பிள்ளைகளின் பக்கத்தில் சின்ன நாற்காலியைப் போட்டுக்கொண்டு, முழங்கால் மேசையில் இடிக்க, நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். பிள்ளை ஓர் ஆங்கிலச் சொல்லுக்காகத் திணறும்போது எடுத்துக் கொடுக்க மாட்டார். காத்திருப்பார். ஒன்பது வருடமாக அவர் செய்ததில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புதான். குறைகளும் உண்டு. படிவங்களை ஒருநாளும் நேரத்துக்குக் கொடுத்ததில்லை. அழுகிற பிள்ளையைவிட அடம்பிடிக்கிற பிள்ளையைத்தான் அவருக்குப் பிடிக்கும். அதை மறைக்கவும் தெரியாது.

ஆஸ்திரேலியாவில், எங்கள் ஷெப்பர்ட்டனில் ஜூலை என்றால் பேரிக்காய்த் தோட்டங்களில் கிளை வெட்டும் குளிர்காலம். தனி ஆங்கில வகுப்பில் இன்னும் ஆறு மாதம் யார் யார் தொடர்வது என்பதும் அந்த மாதத்தில்தான் முடிவாகும். இருப்பது நான்கு இடம்.

நீலோஃபருக்குப் பத்து வயது. வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. புத்தகத்தைக் கொடுத்தால் கணீரென்று வாசிப்பாள். என்ன வாசித்தாய் என்று கேட்டால் தரையைப் பார்ப்பாள். இருபத்தாறு பேர் இருக்கும் பெரிய வகுப்புக்கு அனுப்பினால் தரையைப் பார்த்தபடியே வருடத்தை முடித்துவிடுவாள் என்று குல்சும் பயந்தார். பட்டியலில் முதலில் அவள் பெயரை எழுத வைத்ததும் அவர்தான். பெற்றோர் சம்மதம் மட்டும் வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் அப்பா காதிம் ஹுசைன் தோட்டத்திலிருந்து நேராக வந்தார். சட்டைக் கையில் மரத்தூள். ஆங்கில வகுப்பின் பொறுப்பாளர் மெரிடித், நீலோஃபர் தொடர்வதில் விருப்பமா என்று கேட்டார்.

"உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்? எங்க பொண்ணுக்கு இதுவரைக்கும் செஞ்சதே பெருசு. வேற பிள்ளைங்களுக்குக் குடுங்க" என்றார் அவர் தன் மொழியில், கையை நெஞ்சில் வைத்து.

மொழிபெயர்ப்பவர் எதையும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்பது குல்சும் பயிற்சியில் படித்த முதல் விதி. வார்த்தைக்கு வார்த்தை சொன்னார். மெரிடித் 'விருப்பமில்லை' என்ற கட்டத்தில் குறியிட்டார். எழுந்து கைகொடுத்தார். காதிம் ஹுசைன் ஒரு கணம் நாற்காலியிலேயே இருந்தார், இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல. பிறகு போய்விட்டார்.

குல்சும் தாழ்வாரத்தில் மெரிடித்தைப் பிடித்தார்.

"அவர் வேண்டாம்னு சொல்லல."

"குல், நீதானே அப்படிச் சொன்ன?"

"அவர் சொன்னத சொன்னேன். அது மரியாதைக்குச் சொல்றது. குடுத்த உடனே வாங்கிக்கிட்டா அலையுறான்னு நினைப்பாங்க. மூணு தடவை கேக்கணும்."

"அப்போ நெஜமாவே வேண்டாம்னா எப்படித்தான் சொல்வீங்க?"

"இதேதான். மூணாவது தடவையும் இதையே சொன்னா நெஜம்."

மெரிடித் சிரித்தார், ஆனால் இளகவில்லை. "போன வருஷம் ஒரு அம்மாவ ரெண்டு தடவை கேட்டேன். வற்புறுத்துறேன்னு மேல எழுதிப் போட்டாங்க. வெள்ளிக்கிழமை மூணு மணிக்குப் பட்டியல் போகுது. கூட்டிட்டு வா, இன்னொரு தடவை கேக்குறேன். ஒரே ஒரு தடவை."

மெரிடித் சொன்னதிலும் தவறில்லை. ஒருவர் சொன்ன 'வேண்டாம்' என்பதை நம் இஷ்டத்துக்கு 'வேண்டும்' என்று படிக்கத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் குல்சும் இதை அனுபவித்தவர். இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம், குழந்தைகள் காப்பகப் பயிற்சியில் ஓர் இடம் தருகிறோம் என்று ஒரு அதிகாரி சொன்னார். "எனக்கெதுக்கு" என்றார் குல்சும். அதிகாரி நன்றி சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அதன்பிறகு நான்கு வருடம் அவர் பழக் கொட்டகையில் பேரிக்காய் அடுக்கினார்.

புதன்கிழமை சாயங்காலம் நீலோஃபர் வீட்டுக்குப் போனார். பச்சைத் தேநீரும் சர்க்கரை பூசிய பாதாமும் வந்தன. இரண்டு கோப்பை வரைக்கும் சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்தார்.

"அண்ணே, இங்க ஒரு தடவைதான் கேப்பாங்க. வெள்ளிக்கிழமை வேணும்னு சொல்லிடுங்க."

காதிம் ஹுசைனின் மனைவி பாதாம் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நாங்க என்ன கையேந்துறவங்களா? உங்கம்மா உனக்கு இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"எங்கம்மா இந்த ஊருக்கு வரல, அண்ணி."

காதிம் ஹுசைன் மெதுவாகப் பேசினார். "நான் சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்லல, தங்கச்சி. நாலே இடம். என் பொண்ணு உக்காந்தா இன்னொருத்தர் பிள்ளை எழுந்திருக்கணும். நானே கேட்டு எப்படி வாங்குவேன்?"

குல்சும் இதை எதிர்பார்க்கவில்லை. அவர் உபசாரம் என்று நினைத்ததற்குள் நிஜமான கூச்சமும் இருந்தது. எது எவ்வளவு என்று காதிம் ஹுசைனுக்கே தெரிந்திருக்காது.

"பெருந்தன்மை உங்களுது அண்ணே. வாய் திறக்காம உக்காரப்போறது நீலோஃபர்" என்றார் குல்சும்.

இன்னொரு கோப்பை குடி என்று யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்குக் காதிம் ஹுசைன் வந்தார். மெரிடித் முன்பு கேட்டதையே கேட்டார். குல்சும் மொழிபெயர்த்தார். காதிம் ஹுசைன் சுவரில் ஒட்டியிருந்த பிள்ளைகளின் படங்களை நெடுநேரம் பார்த்தார். காது மடல் சிவந்திருந்தது. பிறகு தானே ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, "ஆமாம். எங்களுக்கு வேணும்" என்றார். குல்சும் மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. மெரிடித் பழைய குறியை அடித்துவிட்டுப் பக்கத்துக் கட்டத்தில் போட்டார்.

வாசல்வரை குல்சும் கூடவே போனார்.

"நீ சொன்னது சரிதான்" என்றார் காதிம் ஹுசைன், செருப்பைப் பார்த்துக்கொண்டே. "ஆனா என் வீட்ல உக்காந்து, என் சம்சாரம் முன்னாடி சொல்லியிருக்க வேண்டாம்."

"வேற வழி தெரியல அண்ணே."

அவர் தலையசைத்துவிட்டு வண்டிக்குப் போனார்.

நீலோஃபர் டிசம்பர்வரை அந்த வகுப்பில் இருந்தாள். கடைசி வாரம் ஒரு கதையை வாசித்துவிட்டு, அதில் வரும் நாய் முட்டாள் என்று யாரும் கேட்காமலே சொன்னாள். ஏன் என்று மெரிடித் கேட்டதற்குக் காரணமும் சொன்னாள். பட்டியலில் ஐந்தாவதாக நின்ற பையன் பெரிய வகுப்புக்குப் போனான். குல்சும் மதிய இடைவேளைகளில் அவன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். மார்ச்சில் நவ்ரோஸ் புத்தாண்டு வந்தபோது காதிம் ஹுசைன் வீட்டிலிருந்து அவருக்கு அழைப்பு வரவில்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.