தபாலாபீஸ் சுவரில் ஹல்டாவின் பன்றி

மணி உதிர்த்த சோளக்கதிரால் பன்றியின் முதுகைச் சொறிந்தபடிதான் ஹல்டா பிரெக்கி யாரோடும் பேசுவாள். பாதிரியார் வந்தாலும் அப்படித்தான். சொறிவதை நிறுத்தினால் பேச்சு முடிந்தது, வந்தவர் கிளம்பலாம் என்று பொருள்.

ஐம்பத்தெட்டு வயது. ஆண்கள் தொப்பி, முழங்கால் வரை பூட்ஸ். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் தன் செம்பன்றிகளைப் போல் கொழுத்தவை வேறெங்கும் இல்லை என்று கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் ஊரின் புதுத் தபாலாபீஸ் சுவரில் படம் வரைய அரசாங்கம் வெண்டல் ஹாஸை அனுப்பியது. பொருளாதார மந்தத்தில் இரண்டு வருஷம் வேலையில்லாமல் திண்டாடிய ஓவியன். மாதிரி பார்க்க அவளுடைய பட்டிக்கு வந்தான். வேலிமேல் உட்கார்ந்து அவன் வரைய, அவள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, குன்றெல்லாம் பன்னு மாதிரி உப்பியிருக்கு? இப்பத்தான் அடுப்புலேர்ந்து எடுத்தியா?"

"அது என் பாணி, மிஸ் ஹல்டா."

"குதிரையோட பின்னங்கால் மனுஷன் காலாட்டம் மடங்குதே, அதுவும் பாணியா?"

அவன் அந்தக் காலை அழித்தான்.

சுவரில் படம் வளர்ந்தது. உழுத நிலம், சோளக்கொல்லை, நடுநாயகமாக ஹல்டாவின் தாய்ப்பன்றி ஓல்கா. பன்னிரண்டு காம்பும் தெரிய ஒருக்களித்துப் படுத்திருந்தது. வில்லங்கம் அங்கேதான் பிடித்தது. பேங்க்காரர் மனைவி மிஸஸ் விட்கோம்ப் நான்கு பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"குடும்பப் பொம்பளைங்க ஸ்டாம்பு வாங்க வர்ற இடம் இது. அதை அழிச்சுட்டு ஒரு ஆட்டுக்குட்டிய வரைங்க. இல்லேன்னா வாஷிங்டனுக்கு எழுதுவோம்."

எழுதினால் வேலை போய்விடும். வெண்டல் பன்றியை அழிக்கத் துணியை எடுத்துவிட்டான். அதற்குள் விஷயம் தெரிந்து ஹல்டா சாணிக்காலோடு உள்ளே நுழைந்தாள்.

"காலையில உங்க வீட்டு வாணலியில பொரியறப்ப கௌரவமா இருக்கு, காலை நீட்டிப் படுத்தா அசிங்கமா?"

"நான் பன்னியச் சொல்லலை ஹல்டா. அந்த... அந்த வரிசையச் சொல்றேன்."

"எந்த வரிசை? வாயத் திறந்து சொல்லுங்களேன்."

மிஸஸ் விட்கோம்பின் முகம் சிவந்தது. போஸ்ட்மாஸ்டர் எதையோ தேடுகிற பாவனையில் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார்.

"சரி, மறைச்சாப் போதும்தானே?" ஹல்டா ஓவியனிடம் திரும்பினாள். "பன்னெண்டு குட்டி வரை தம்பி. ஆளுக்கொண்ணாக் கவ்விக்கிட்டா எதுவும் வெளியில தெரியாது."

பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் தாயை ஆபாசம் என்று எழுத மிஸஸ் விட்கோம்புக்கு வாய்ப்பில்லாமல் போயிற்று.

திறப்பு விழாவன்று மேயர் பேசினார், பள்ளிப் பிள்ளைகள் பாடினார்கள். கூட்டம் கலைந்ததும் வெண்டல் அவளருகே வந்து நின்றான்.

"எப்படி இருக்கு மிஸ் ஹல்டா?"

"கடைசிக் குட்டி இளைச்சிருக்கு" என்றாள்.

பிறகு அவன் சட்டைப்பையிலிருந்து தூரிகையை உருவி, மூலையில் மிச்சமிருந்த சாயக் கிண்ணத்தில் தோய்த்தாள். தன் பட்டிப் பன்றி ஒவ்வொன்றின் காதிலும் தான் வெட்டி வைக்கும் அந்த இரண்டு அடையாளக் கீறல்களை, நுனிக்காலில் எம்பி, ஓல்காவின் வலது காதில் போட்டாள்.