வெல்லம் வைக்காத சங்கராந்தித் தட்டு

முதலில் தாகம்தான் வந்தது. கார்த்திகைக் குளிரில் பாகலூரே போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது நான் மட்டும் பானைத் தண்ணீரைக் காலி செய்துகொண்டிருந்தேன். குடித்ததெல்லாம் சிறுநீராய்ப் போனது. குளியலறை மூலையில் எறும்பு மொய்த்தது. மஞ்சள் பொடி தூவினேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

உடம்பு இளைத்தது. ரவிக்கை தொளதொளத்தது. "கல்யாணப் பொண்ணாட்டம் ஆயிட்டியே" என்றார்கள் சொந்தக்காரப் பெண்கள். செத்துக்கொண்டிருப்பவளை அழகாயிருக்கிறாய் என்று மெச்சும் கூட்டம் அது. அவர்களை நான் இன்றுவரை மதித்ததில்லை.

ஒருநாள் அவரைக்காட்டில் காய் பறிக்கும்போது கண் இருண்டு விழுந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் வண்டி கட்டி ஓசூருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பஸ்ஸில் பெங்களூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நினைவு தெளிந்தபோது ஒரு டாக்டரம்மா என் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு நீரிழிவும்மா." (ரத்தத்தில் சர்க்கரை மிஞ்சி, சிறுநீரில் இறங்கும் நோய்.) "தினமும் ஊசி போட்டுக்கணும்."

"எப்ப தீரும்?"

"தீராது. அடக்கி வைக்கலாம். நீ அடங்கினா அதுவும் அடங்கும்."

பூசி மெழுகாமல் சொன்ன அந்த அம்மாவைப் பிடித்துப்போனது.

இன்சுலின் (சர்க்கரையை உடம்பு பயன்படுத்திக்கொள்ள உதவும் சுரப்பு) போட்டுக்கொள்ள அங்கேயே பழக்கினார்கள். கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து, தொடையில் நானே குத்திக்கொள்ள வேண்டும். மருந்துப் புட்டி சூடாகக் கூடாது. வீட்டில் ஈரமணல் நிரப்பிய சட்டிக்குள் புதைத்து வைத்தேன். அவர்கள் கொடுத்த நீல மருந்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சில சொட்டு சிறுநீர் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினால் நிறம் சொல்லிவிடும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை என்றால் கொஞ்சம் சர்க்கரை. செங்கல் நிறம் என்றால் ஆபத்து.

என்னைப் பார்க்க வந்தவர்கள் கையில் என்ன கொண்டுவந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? மைசூர்பாகு. லட்டு. ஒருத்தி கரும்புச்சாறு. சர்க்கரை வியாதி என்று காதில் விழுந்த பிறகும், "ஒரு வாய் தின்னா என்ன ஆயிடும்?" என்றார்கள். அவர்களுக்கு அது பாசம். எனக்கு அது மூளையைக் கழற்றி வைத்துவிட்டு வருவதாகப் பட்டது. இதே நோயோடு இதைப் படிப்பவர்களே, அந்த ஒரு வாயை நீட்டும் கைக்கு முகம் கொடுக்காதீர்கள். நாளைக்கு உங்கள் காலில் ஆறாத புண் வந்தால் அந்தக் கை கழுவிவிட வராது.

தை பிறந்தது. எங்கள் பக்கத்தில் தமிழோ கன்னடமோ தெலுங்கோ, எந்த வீடானாலும் சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் தட்டில் வைத்து வீடு வீடாகக் கொடுப்பது வழக்கம். என் கையால் வெல்லம் தொட எனக்கு மனமில்லை. புது அவரைக்கொட்டையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்து, துணியில் ஈரம் உலர்த்தி, கடலையெண்ணெயில் பொரித்தேன். பூண்டும் கறிவேப்பிலையும் பொரித்துப் போட்டு, மிளகாய்ப்பொடியும் உப்பும் தூவிக் குலுக்கினேன். ராகி மாவில் எள்ளும் பொட்டுக்கடலையும் சேர்த்து நிப்பட்டு (எங்கள் பக்கத்துத் தட்டை) தட்டினேன். டாக்டரம்மாவிடம் முன்பே கேட்டிருந்தேன். "நீயும் ஒரு கைப்பிடி தின்னலாம். ஆனா எண்ணெய்ப் பலகாரத்த மருந்துன்னு நெனச்சுடாதே" என்றிருந்தார்.

தட்டுகள் போயின. ஒன்று மட்டும் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். குடும்பத்துக்குப் பெரியவர். அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

"நல்ல நாள்ல காரம் குடுத்தனுப்பறியே, எங்க ஊட்ல என்ன எழவா உழுந்துச்சு?"

"இனிப்பக் குடுத்து எழவு உழ வைக்கறத விட இது மேல் மாமா."

தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. பருப்பு வாசல்வரை சிதறியது.

"அண்ணன் அப்படித்தான், உடு" என்றார் என் வீட்டுக்காரர். விட்டுவிடுவதில் அவர் கெட்டிக்காரர். பேச்சுவார்த்தை நின்றது. பெரியவர் ஊரெல்லாம் என்னை "ஊசிக்காரி" என்றார். ஊசிக்காரி உயிரோடிருந்தாள்.

யுகாதிக்குக் கொஞ்சம் முன்பு, ஒரு மத்தியானம், பெரியவரின் மனைவி முனியம்மாக்கா பின்வாசல் வழியாக வந்தார். முந்தானைக்குள்ளிருந்து ஒரு மருந்துப் புட்டியை எடுத்தார்.

"இது அவரு மூத்திரம். உன் நீல மருந்துல பாரு. கால்ல முள்ளு குத்தி மாசமாச்சு, ஆறல. சொம்பு சொம்பாத் தண்ணி குடிக்கறாரு."

காய்ச்சினேன். பச்சையில் நிற்கவே இல்லை. குழாய்க்குள் செங்கல்லைக் கரைத்துவிட்டாற்போல் ஆனது. முனியம்மாக்காவுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலமே பெரியவர் வீட்டுக்குப் போனேன். நான் அந்த வாசலை மிதித்தது தைக்குப் பிறகு அன்றுதான். நெய் ஒழுகும் ஒப்பட்டு (வெல்லப் பூரணம் வைத்த போளி) இலையில் இருந்தது. காலில் கட்டியிருந்த துணியிலிருந்து வாடை வந்தது.

"மாமா, பெங்களூர் போலாம். இப்பவே போனா காலு தப்பிக்கும்."

"உனக்கு வந்தா ஊருக்கே வரணுமா? அது உக்காந்து தின்ற பொம்பளங்க வியாதி. நான் ஏர் ஓட்டறவன்."

"வியாதிக்கு அதெல்லாம் தெரியாது மாமா."

"போ, போயி உன் காரத்தத் தின்னு."

ஒப்பட்டைப் பிய்த்து வாயில் போட்டபடியேதான் சொன்னார். வீறாப்பு என்பார்கள் ஊரில். எனக்கு அது முட்டாள்தனமாகத்தான் தெரிந்தது. பச்சிலைக் கட்டுக்காரன் ஒருவன் தினமும் வந்தான். விரல் கறுத்தது. பாதம் கறுத்தது. கேங்கிரீன் (ரத்தம் ஓடாமல் சதை செத்து அழுகுவது) முழங்காலை எட்டியபோதுதான் வண்டி கட்டினார்கள். அதே டாக்டரம்மா முழங்காலுக்கு மேலே வெட்டச் சொன்னார்.

வெட்டிய பிறகு ஒருமுறை போய்ப் பார்த்தேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டார்.

"அந்த ஊசி... வலிக்குமா?"

"எறும்பு கடிக்கற மாதிரிதான் மாமா."

அந்த வாரமே ரத்தத்தில் விஷம் பரவி இறந்துபோனார். நான் அழுதேன். அழும்போதும் கோபம்தான் அதிகம் இருந்தது. எறும்புக் கடிக்குப் பயந்து ஒரு காலைக் கொடுத்து, பிறகு உயிரையும் கொடுத்த மனிதர்.

காரியத்தன்று அவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்தார்கள். லட்டு, ஒப்பட்டு, பாயசம். கொன்றதையே குவித்து வைத்துக் கும்பிட்டார்கள். முனியம்மாக்கா மட்டும் படையலைப் பார்க்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் பாத்து சொல்றியா?"

பார்த்தோம். நீலம் நீலமாகவே நின்றது. அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார்.

இப்போது என் நாள் பண்டிகைகளால் பிரிவதில்லை. ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவே இருப்பதுதான் என் காலம். அதற்குள் பசிக்க வேண்டும், அளவாய்த் தின்ன வேண்டும், நடக்க வேண்டும். முன்பு உடம்பு என்று ஒன்று இருப்பதே எனக்கு நினைவிருக்காது. இப்போது அது பக்கத்தில் படுத்திருக்கும் ஆள்போல. அசைந்தால் எனக்குத் தெரிகிறது.

போன மாதம் குதிகாலில் சோளத்தட்டை கீறிவிட்டது. கழுவி, துடைத்து, வெள்ளைத்துணி சுற்றினேன். தினமும் விடிந்ததும் வெளிச்சத்தில் அவிழ்த்துப் பார்த்தேன். ஓரம் உலர்ந்தது. பொருக்குத் தட்டியது. ஒரு காலையில் பொருக்கு தானே உதிர்ந்து, அடியில் புதுத்தோல் இளஞ்சிவப்பாய் மூடியிருந்தது. வீட்டுக்காரர் கழனிக்குப் போகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் இன்னும் கொஞ்ச நேரம் அந்தத் தோலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.