ஆத்தாளைத் திட்டிய குற்றம்

நிலக்கோட்டைப் பூச்சந்தையில் எனக்குக் கமிஷன் கடை. எடை போடும்போது ஆளுக்கொரு பேச்சு விழும். பூவை விட எனக்கு அதுதான் பிடிக்கும். அதிலும் ஒரு மல்லிகைத் தோட்டக்கார அக்கா உண்டு. "வெயிலு என் மண்டையிலயே குடியிருக்கு, வாடகை கேக்கணும்" என்பார்.

வெள்ளிக்கிழமை ஒரு சரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து அம்மன் கோயிலுக்குப் போவார். கும்பிட இல்லை, சண்டை போட. எங்கள் பக்கம் இது புதுசா என்ன? மழை இல்லையென்றால் சாமிக்கு வசவு, பெய்துவிட்டால் பொங்கல்.

போன வருசம் மொட்டில் புழு விழுந்து பாதித் தோட்டம் போய்விட்டது. அக்கா நேரே போய் நின்றார். "ஏண்டி, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? புழுவுக்கு அம்புட்டையும் தின்னக் குடுத்துட்டு எங்கிட்ட மாலை கேக்குறியா?" திட்டிக்கொண்டே சரத்தைப் பூசாரியிடம் நீட்டினார். அவரும் சிரித்துக்கொண்டே சாத்தினார்.

யாரோ அதைச் செல்போனில் பிடித்து, மாலை சாத்தியதை வெட்டிவிட்டு, வசவை மட்டும் ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோயில் வாசலையே மிதிக்காத சிலருக்கு மத உணர்வு புண்பட்டுவிட்டதாம். ஸ்டேஷனில் மனுக் கொடுத்தார்கள்.

அக்காவை வரச் சொல்லி ஆள் வந்தது; நானும் கூடப் போனேன். வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு அவமதித்தால்தான் குற்றம் என்று வக்கீல் ஒருவர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். கோர்ட்டில் போய்ச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. வழக்கென்றால் வருசக்கணக்கில் அலையணும், மன்னிப்புக் கேட்டால் இப்பவே வீட்டுக்குப் போகலாமாம்.

மனுக் கொடுத்தவர்களைக் காட்டி அக்கா கேட்டார்: "ஆத்தாகிட்ட நான் கேட்டுக்கிறேன் சார். இவுக அவளுக்கு என்ன வேணும்?"

ஆனால் அக்காவுக்குப் பூப்பறிக்க மாற்று ஆள் கிடையாது. கோர்ட்டுக்கு அலைந்தால் மொட்டிலேயே பறிக்க வேண்டியது செடியில் பூத்து வீணாகும். மன்னிப்புக் கேட்டார். புண்பட்டவர்கள் அதையும் படம் பிடித்தார்கள்.

சாமியே இல்லை என்கிறவரும் என் கடையில்தான் டீ குடிக்கிறார். அவர் வாயையும் யாரும் பொத்த வேண்டாம். இங்கே சாமியோடு பேசியவள் வாயையே பொத்திவிட்டார்களே!

அடுத்த வெள்ளிக்கிழமை சரத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவரைப் பூசாரி கூப்பிட்டார். "என்னத்தா, பேசாமப் போற? ரெண்டு வார்த்தை வஞ்சுட்டுப் போ."

அக்கா சுற்றிலும் பார்த்தார். யார் கையில் செல்போன் இருக்கிறதென்று பார்த்தார். அப்புறம் உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.