நம்ம மயில்

கைடின் குரல் மாளிகைப் படிக்கட்டில் கேட்டதுமே, ஏணி மேலிருக்கும் தோட்டக்காரரின் கத்தரி நின்றுவிடும். ஆள் இங்கே, காது அங்கே. "இது நம்ம நடன மண்டபம்... இது நம்ம கண்ணாடி அறை..." இவர் பல்லைக் கடிப்பார். "பெரிய 'நம்ம'! இவன் தாத்தா கட்டி வெச்சிட்டுப் போனாரு பாரு!"

மாளிகையை அவன் வைத்துக்கொள்ளட்டும். அந்த 'நம்ம' தோட்டத்துக்குள் இறங்கும்போதுதான் இவருக்கு வயிறு பற்றி எரியும். நடுப்புல்வெளியில், செடியைக் கத்தரித்து உருவாக்கிய மயில் ஒன்று இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிறது. நட்டது, கம்பி கட்டி வளைத்தது, கழுத்தைத் திருப்பியது எல்லாம் இவர்தான். கொண்டை மட்டும் உருவாக ஆறு வருஷம். காற்று பலமாக அடித்தால் மனிதருக்குச் சோறு இறங்காது.

ஆனால் வீட்டில் மயிலைப் பற்றி மூச்சு விட்டதில்லை. மனைவி கேட்டால், "ஏதோ, இலை வெட்டறேன்" என்பதோடு சரி. என்றைக்காவது அவள் நேரில் வந்து, வாயைப் பிளந்து, "இதை யாரு செஞ்சது?" என்று கேட்க வேண்டும். இவர் அலட்டிக்கொள்ளாமல் "நான்தான்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லை ஆறு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிகிறார்.

போன வாரம் ஊழியர் குடும்பங்கள் சுற்றிப் பார்க்கும் நாள். அவளும் வந்தாள். இவர் மயிலுக்குப் பின்னால் ஏணியில் ஏறித் தயாராக நின்றார். இலை இடுக்கில் பார்த்தால், கூட்டத்தின் முதல் வரிசையில் அவள். கைடு சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு வருகிறாள். வீட்டில் இவர் பேச ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போகிறவள்!

"அடேங்கப்பா! இந்த மயிலை யாருங்க செஞ்சது?"

கேட்டேவிட்டாள். இவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் கைடு முந்திக்கொண்டான்.

"நம்ம மயில்ம்மா. இருநூறு வருஷமா இப்படியே நிக்குது. இந்தக் கைவேலையெல்லாம் இப்ப யாருக்கு வருது?"

"அதானே! எங்க வீட்டுக்காரரும் இங்கதான் இலை வெட்டறாரு. வீட்டுல ஒரு ஆணி நேரா அடிக்கத் தெரியாது."

கைடு விழுந்து விழுந்து சிரித்தான். அவனைப் பார்த்து அவளும் சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்து அவள் சிரித்த அந்தச் சிரிப்பைத்தான் இவரால் தாங்க முடியவில்லை.

டக்!

ஆறு வருஷக் கொண்டை அவள் காலடியில் வந்து விழுந்தது.

"ஐயையோ! எந்தப் பாவி இதைச் செஞ்சது?" என்று பதறிக்கொண்டு அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"நான்தான்" என்றார் இவர், கத்தரியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு.